கீமோ நடக்கும் அம்மாவுக்கு நம்பிக்கை ஊட்டுவது எப்படி?

கீமோ தொடங்கியதிலிருந்து அம்மா பேசுவதே குறைந்துவிட்டது, எப்படித் தேற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரவில் அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டு நீங்களும் விழித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தேற்றுவது இருக்கட்டும். உடம்புக்கு என்ன செய்கிறது என்று முதலில் கேளுங்கள்.

என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒன்றாக எட்டு கீமோ. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "தைரியமாக இருங்கள், நம்பிக்கைதான் பாதி மருந்து" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். வலியைச் சொன்னால் தைரியம் கெட்டவள் என்று நினைத்துவிடுவோமோ என அம்மா வாயை மூடிக்கொண்டார். டாக்டர் கேட்டாலும், "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்."

ஆறாவது கீமோ முடிந்த வாரம். நாற்பது வருடமாகத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டே பூக் கட்டிய கை அது. அன்று முறத்தில் மல்லிகையைக் கொட்டிவைத்து, ஒவ்வொரு முடிச்சையும் குனிந்து பார்த்துப் போட்டார். நூல் விரலில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பூ நின்றால் மூன்றாவது உருவிக்கொண்டு விழுந்தது. அவர் ஏன் நைட்டியிலேயே இருக்கிறார் என்பதும் அப்போதுதான் புரிந்தது: ரவிக்கைக் கொக்கி மாட்ட விரல் ஒத்துழைக்கவில்லை.

கீமோவில் ஏற்றும் பேக்லிடாக்செல் மருந்து நரம்பைப் பாதிக்கும், முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். அளவைக் குறைத்தார். அதன்பிறகு தினமும் இரவு வலி, குமட்டல், அசதி, தூக்கம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை அம்மா ஓர் எண் சொல்வார். நான் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுவேன்.

நம்பிக்கையே வேண்டாம் என்கிறானே என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் மருத்துவன் இல்லை. ஆனால் அமெரிக்காவில், புற்றுநோய் உடம்பின் மற்ற இடங்களுக்கும் பரவிய நிலையில் கீமோ எடுத்த 766 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. தொந்தரவுகளை அவ்வப்போது கணினி வழியாகத் தெரிவித்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம், 31 மாதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26. சொல்வது புலம்பல் இல்லை, அதுவும் சிகிச்சைதான்.

    

ஏழாவது கீமோவுக்குப் பிறகும் மரத்துப்போனது முழுதாகப் போகவில்லை. ஆனால் ஒருநாள் காலையில் அவராகவே கூப்பிட்டார். "கடைக்குப் போனால் நூல் வேண்டாம், வாழைநார் வாங்கி வா. அது தடிமனாக இருக்கும், விரலுக்குத் தெரியும்."