கஞ்சா பழக்கமுள்ள காதலர் திருமணத்துக்குப் பிறகு மாறிவிடுவாரா?

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருப்பதன் சுருக்கம்: பல ஆண்டுக் காதல். அவருக்குக் குடிப்பழக்கம் இல்லை, கை நீட்டியதில்லை, வேலைக்கு ஒழுங்காகப் போகிறார். ஆனால் தினமும் இரவு கஞ்சா புகைக்கிறார். கேட்டால், "இது மூலிகை, நினைத்தால் நாளைக்கே விட்டுவிடுவேன்" என்கிறார். விஷயம் தெரிந்த அவருடைய அக்கா, "ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும், நீ வந்து மாற்றிவிடு" என்கிறார். தை மாதம் நிச்சயதார்த்தம் வைக்கப் பேசுகிறார்கள். என்ன செய்வது, தள்ளிப்போடுவதென்றால் வீட்டில் என்ன காரணம் சொல்வது?

அவர் மாறக்கூடும். எத்தனையோ பேர் மாறியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் கழுத்தில் தாலி ஏறுவதால் அவர் மாற மாட்டார். அந்த அக்கா உங்களிடம் ஒப்படைக்கப் பார்ப்பது ஒரு மருத்துவரின் வேலை. அதை நீங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

இதே நிலையில் நானும் இருந்தவள். கல்லூரியில் தொடங்கிய காதல், பிறகு இருவருக்கும் பெங்களூரில் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இருக்காது. சண்டை போட மாட்டான். அதில்தான் கஷ்டமே. குடித்துவிட்டு வந்து கத்துகிற ஒருவனைப் பற்றி அம்மாவிடம் சொல்லி அழலாம். சிரித்த முகத்தோடு சோபாவில் சாய்ந்திருக்கிறவனைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது?

இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போவான். இறங்கி வந்த பிறகு எதைப் பேசினாலும் "சரி" என்பான். வீட்டு வாடகை, அவன் தங்கையின் படிப்பு, எங்கள் திருமணம், எல்லாவற்றுக்கும் அதே "சரி, நாளைக்குப் பேசலாம்". மறுநாள் அலுவலகம் இருக்கும், மாலையில் மறுபடியும் மொட்டை மாடி. ஊருக்கு வந்த இடத்தில் என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஞ்சியோ செய்தார்கள். அன்று இரவு மருத்துவமனை வராந்தாவில் நின்று அவனிடம் போனில் அரை மணி நேரம் அழுதுகொண்டே பேசினேன். காலையில் போன் செய்து, "அப்பாவுக்கு என்ன ஆயிற்று? டாக்டர் என்ன சொன்னார்?" என்று முதலிலிருந்து கேட்டான். அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. கஞ்சாவில் போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்ற பொருள், புதிய நினைவுகள் பதிகிற மூளைப் பகுதியின் வேலையைக் குலைக்கிறது. போதையில் கேட்டது பதியாமலே போய்விடும். காரணம் இப்போது எனக்குத் தெரியும். தெரிந்ததால் அந்தக் காலைப்பொழுதின் வலி குறைந்துவிடவில்லை.

உங்கள் கேள்வியில் "அவர் பக்கத்தில் இருந்தாலும் தனியாக இருப்பதுபோல் இருக்கிறது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட அந்த வரியை நம்புங்கள். "வேறு கெட்ட பழக்கமே இல்லையே, நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ" என்று உங்களையே சந்தேகிக்க வேண்டாம்.

அடுத்தது, "நினைத்தால் விட்டுவிடுவேன்" என்பது. அவன் குடும்பத் திருமணம் ஒன்றுக்குத் திருநெல்வேலி போயிருந்தோம். வீடு முழுக்க உறவினர்கள், வெளியே போய்ப் புகைக்க வழியில்லை. இரண்டாம் நாள் முகம் மாறியது. சாப்பாடு இறங்கவில்லை, இரவு தூக்கம் இல்லை, மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருந்தான். காபியில் சர்க்கரை குறைவு என்பதற்காகப் பெற்ற தாயிடம் எரிந்து விழுந்தான். அலைச்சலில் உடம்புக்கு முடியவில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். பின்னாளில் ஒரு மனநல ஆலோசகர் எனக்கு விளக்கினார். கஞ்சாவைத் தினமும் எடுத்துப் பழகிய உடல் அது கிடைக்காதபோது தெளிவான விலகல் அறிகுறிகளைக் காட்டும்: எரிச்சல், பதற்றம், பசியின்மை, தூக்கமின்மை, விசித்திரமான கனவுகள். நிறுத்திய ஓரிரு நாளில் தொடங்கும், முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் இரண்டு வாரங்களில் தணியும், தூக்கக் கோளாறு மட்டும் இன்னும் சில வாரங்கள் நீளலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்க் கண்டறிதல் கையேட்டில் இதைத் தனி நிலையாகவே சேர்த்திருக்கிறது. "இது இல்லாவிட்டால் தூக்கம் வராது, அதனால்தான் எடுக்கிறேன்" என்று உங்களவரும் சொல்லக்கூடும். அந்தத் தூக்கமின்மையில் பெரும் பங்கு கஞ்சாவே கொண்டுவந்தது.

நம் ஊரில் பெரும்பாலோர் புகையிலையைக் கலந்துதான் சுருட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். அப்படியானால் விட வேண்டியவை இரண்டு, நிகோட்டினும் சேர்த்து. இது தெரியாமல் விட்டுப் பார்க்கிறவர்கள் ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று புரியாமல் மறுபடியும் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்று. இந்தத் தகவல்களையெல்லாம் அவரிடம் போய் வாதாடுவதற்காகச் சொல்லவில்லை. மூலிகையா விஷமா என்ற வாதத்துக்குள் போகவே போகாதீர்கள். "கனடாவில் 2018இலேயே சட்டபூர்வமாக்கிவிட்டார்கள், ஜெர்மனியில் 2024இல் அனுமதித்துவிட்டார்கள், சிவனே அடிக்கிறார், சித்த மருத்துவத்தில் இருக்கிறது" என்பார். நாடுகளைப் பற்றி அவர் சொல்வது உண்மைதான். சித்த மருந்துகள் சிலவற்றில் அது சேர்வதும் உண்மைதான். பழகுகிற எல்லோரும் அடிமையாவதில்லை என்பதும் உண்மை. ஏறக்குறைய பத்தில் ஒருவர், பதின்ம வயதில் தொடங்கியவர்களில் ஆறில் ஒருவர் என்பது மருத்துவ உலகில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. தினமும் புகைப்பவர்களிடம் இது இன்னும் கூடுதல். ஆனால் கனடாவின் சட்டம் உங்கள் இரவு உணவு மேசைக்கு என்ன பதில் சொல்லும்? உங்களுக்கு வேண்டியது பேசினால் நினைவில் வைத்துக்கொள்கிற, முடிவெடுக்கிற, நெருக்கடியில் எழுந்து வருகிற ஒரு துணை. பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்திப் பிடியுங்கள்.

உளவு பார்க்கவும் வேண்டாம். பையைத் துழாவுவது, பொட்டலத்தைக் கழிவறையில் கொட்டுவது, சட்டையை முகர்வது எல்லாம் உங்களைக் காவல்காரியாகவும் அவரைத் திருட்டுப் பிள்ளையாகவும் ஆக்கிவிடும். மருந்துக் கடையில் சிறுநீர்ச் சோதனை அட்டை வாங்கிப் பார்க்கலாமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்தப் பொருள் உடலின் கொழுப்பில் தங்குவது. தினமும் புகைத்தவர் நிறுத்திப் பல வாரங்கள் ஆன பிறகும் சிறுநீரில் தெரியலாம். உண்மையாகவே விட்டுவிட்டு உங்கள் முன் நிற்கிற ஒருவரை அந்த அட்டை பொய்யராக்கிவிடும். அதற்கு மேல் அவர் ஏன் முயற்சி செய்யப்போகிறார்?

அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் மேயர்ஸ், சிகிச்சைக்கு வர மறுப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே ஒரு பயிற்சி முறையை வளர்த்தெடுத்தார். எனக்கு ஆலோசகர் சொல்லிக்கொடுத்தது அதன் சாரத்தைத்தான். போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், கெஞ்சாதீர்கள், திட்டாதீர்கள். அமைதியாக எழுந்து உங்கள் வேலையைப் பாருங்கள். தெளிவாக இருக்கும் பொழுதை இனிமையாக்குங்கள், "இன்றைக்கு உன்னோடு பேசியது எவ்வளவு நன்றாக இருந்தது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். போதையின் விளைவுகளை நீங்கள் சுமக்காதீர்கள். அலுவலகத்துக்கு எழுந்து போகாவிட்டால் அவருடைய மேலாளருக்கு நீங்கள் போன் செய்து காய்ச்சல் என்று சொல்ல வேண்டியதில்லை. கடன் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அவருக்கே தன் நிலை உறுத்துகிற ஒரு நேரம் வரும், முக்கியமான எதையோ மறந்து அவமானப்பட்ட மறுநாள் காலைபோல. அப்போது, "ஒருமுறை டாக்டரைப் பார்க்கலாமா, நானும் வருகிறேன்" என்று கேளுங்கள். எந்த மருத்துவமனை, எந்த நேரம் என்பதை முன்பே விசாரித்துக் கையில் வைத்திருங்கள். மனம் இளகும் நேரம் நெடுநேரம் நீடிக்காது.

பேசும்போது "நீ ஒரு கஞ்சா குடிக்கி" என்று ஆரம்பித்தால் அங்கேயே கதவு மூடிவிடும். "நேற்று நான் சொன்னது எதுவும் உனக்கு நினைவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படியே இருந்தால் என்னால் நிச்சயதார்த்தத்துக்குச் சம்மதிக்க முடியாது" என்று சொல்லுங்கள். சொன்னால் அதில் நிற்க வேண்டும். நிற்க முடியாத நிபந்தனையைச் சொல்லாமலிருப்பதே மேல்.

சிகிச்சைக்குப் போனால் போலீஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985இன்படி கஞ்சா புகைப்பது குற்றம்தான். ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்திலோ சிகிச்சை பெற்றால், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வராமல் பாதுகாப்புத் தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. போலீஸைக் காட்டி மிரட்டுவதைவிட இந்தப் பிரிவைப் பற்றிச் சொல்வது நூறு மடங்கு பயன் தரும்.

14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். அவர் கூப்பிட வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், உங்களுக்காக நீங்களே கூப்பிடலாம். சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையம் என்ற போதை மீட்பு மருத்துவமனை இருக்கிறது. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. குடும்பத்தாரையும் சேர்த்தே சிகிச்சை தருகிறார்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனை. கஞ்சாவை மறக்கச் செய்யும் மாத்திரை என்று அங்கீகரிக்கப்பட்டது எதுவும் இதுவரை இல்லை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மருத்துவர் தற்காலிகமாக ஏதாவது தரலாம். உண்மையான வேலை நடப்பது பேச்சு சிகிச்சையில்தான். "ஒரே வாரத்தில் தெரியாமல் உணவில் கலந்து கொடுத்து நிறுத்திவிடலாம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வின் 2019ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கஞ்சா வகைப் பொருள்களால் உதவி தேவைப்படும் நிலையில் நாட்டில் சுமார் 72 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்குப் பின்னாலும் உங்களைப்போல ஒருவர் இரவில் விழித்துக்கொண்டு இருப்பார். வெட்கப்பட ஒன்றுமில்லை.

காத்திருக்கவே கூடாத நிலைகள் சில உண்டு. யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்வது, இல்லாத குரல்கள் கேட்பது, காரணமில்லாத கடும் சந்தேகம். இவை தெரிந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு நோய் இருந்திருந்தால் அவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். கை ஓங்கினாலோ, உங்களையே வாங்கி வரவோ ஒளித்து வைக்கவோ சொன்னாலோ, அங்கே உங்கள் பாதுகாப்பு மட்டும்தான் முக்கியம். பெண்களுக்கான உதவி எண் 181.

எங்கள் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். என் நிபந்தனையை ஏற்று ஆலோசனைக்கு வந்தான். சில வாரங்கள் நன்றாக இருந்தான். அந்த வாரங்களில் நான் காதலித்தவனை மறுபடியும் பார்த்தேன், அது உண்மை. பிறகு பழைய நண்பர்கள், பழைய மொட்டை மாடி. ஆலோசனைக்குப் போவதை நிறுத்தினான். சொன்னபடி நான் விலகினேன். பல ஆண்டுகள் கழித்து அவன் முழுதாக விட்டுவிட்டதாகப் பொது நண்பர்கள் சொன்னார்கள், மனம் நிறைந்தது. "நீ கூடவே இருந்திருந்தால் முன்பே விட்டிருப்பான்" என்று அவர்களில் ஒருவர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. நான் கூட இருந்த ஆண்டுகளில்தான் அவன் தினமும் புகைத்தான். உங்கள் கதை வேறு மாதிரி முடியலாம், முடிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் அவர் விடுவதைத் தை மாதத்துக்குள் முடியும் வேலையாக நினைக்காதீர்கள். நிறுத்துவதும் மறுபடி சறுக்குவதும் இதில் சாதாரணம். நிறுத்திய பிறகு ஓராண்டாவது நீங்கள் அவரைப் பார்க்க வேண்டும்: பண்டிகை, இழப்பு, வேலை நெருக்கடி எல்லாம் ஒருமுறையாவது வந்து போகட்டும்.

வீட்டில் என்ன சொல்வது? முழுவதையும் சொல்லி அவரை ஊர்வாயில் போட வேண்டியதில்லை. "எங்கள் இருவருக்கும் இடையே தீர்க்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது, இந்தத் தையில் வேண்டாம்" என்று உங்கள் வீட்டில் சொல்லுங்கள். பெற்றோரில் யார் பதறாமல் கேட்பார்களோ அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி வையுங்கள்; பிறகு நெருக்கடி வந்தால் துணைக்கு ஒருவர் வேண்டும். அவருடைய அக்காவிடம், "நீங்களும் வாருங்கள் அக்கா, மூன்று பேருமாக மருத்துவரைப் பார்த்துவிட்டு வருவோம்" என்று கேளுங்கள். தம்பியின் பழக்கம் தெரிந்த ஒரே பெரியவர் அவர்தான் என்கிறீர்கள். மருத்துவரைப் பார்க்கும் முதல் தேதியை அவரே கேட்டு வாங்கட்டும்.