மூன்று மாதமாகப் பதில் இல்லை, அக்கா!

கேள்வி: அக்கா, டர்பனில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன், இரண்டாம் வருடம். மூன்றாம் அத்தியாயத்தை மார்ச்சில் அனுப்பினேன், ஜூன் முடியப் போகிறது, சூப்பர்வைசரிடமிருந்து ஒரு வரி இல்லை. நேரில் பார்த்தால் "பார்க்கிறேன், பார்க்கிறேன்" என்று சிரித்துவிட்டுப் போகிறார். உதவித்தொகைக்குக் கடிதம் கொடுத்ததே அவர்தான். விரட்டிக் கேட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: தங்கச்சி, கடிதத்துக்கு நன்றி என்றால் ஒரு டப்பா முறுக்கு கொடு, மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருக்காதே. 1961-ல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று கல்லூரி திறந்த காலத்தில் படகேறிப் போய்ப் படித்த என் மாமா, புரொபசர் முன்னால் உட்காரவே மாட்டாராம். அந்தக் கூச்சம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

நம் தென்னாப்பிரிக்காவில் முனைவர் பட்டம் பெரும்பாலும் ஆய்வேட்டை மட்டும் வைத்துத்தான், அமெரிக்கா மாதிரி முதலில் வகுப்புகள் கிடையாது. அதனால் அவர் சும்மா இருந்தால் உன் படிப்பே நின்றுபோகும், அடுத்த வருடப் பதிவுக் கட்டணம் மட்டும் நிற்காது. நீ பட்டம் வாங்கினால் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகத்துக்கு மானியம் தருகிறது. ஆக, நீ முடிப்பது அவர்களுக்கும் வேண்டிய காரியம்தான்.

சரி, எப்படிக் கேட்பது? ஜூனில் அவர் மேசையில் இளங்கலை விடைத்தாள் குவிந்திருக்கும், அறுபது பக்கத்தை யாரும் தள்ளித்தான் போடுவார்கள். "புரொப், பக்கம் 12 முதல் 20 வரை மட்டும் பாருங்கள், பேட்டிகள் இவ்வளவு போதுமா? வியாழக்கிழமை அரை மணி நேரம் கிடைக்குமா?" என்று எழுது. பேசிவிட்டு வந்த அன்றைக்கே, என்ன முடிவானது என்று ஐந்து வரி ஈமெயில் போடு. நான் முதுகலையில் அதைச் செய்யவில்லை, ஆய்வில் ஒன்றை மாற்றச் சொன்ன என் சூப்பர்வைசரே ஆறு மாதம் கழித்து "ஏன் மாற்றினாய்?" என்று கேட்டார், காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

பதிவு செய்தபோது அவரோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் தேடி எடு, எத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று அதில் இருக்கலாம். இரண்டு வாரத்திலும் அசையவில்லையா, துறையில் முதுநிலை ஆய்வு மாணவர்களைக் கவனிப்பவரிடம் போ. புகாராகச் சொல்லாமல், இணை சூப்பர்வைசர் ஒருவர் கிடைப்பாரா என்று கேள். பழிவாங்குவாரோ என்று பயப்படாதே, ஆய்வேடு வழக்கமாக வெளியிலிருக்கும் தேர்வாளர்களுக்குத்தான் போகும்.

அப்புறம், அந்த முறுக்கைப் பதில் வந்த பிறகே கொண்டுபோ. முன்னாடி கொடுத்தால் லஞ்சம் மாதிரி இருக்கும்.