ஜனநாயக நாடா இருந்த இத்தாலில முசோலினி எப்படி சர்வாதிகாரி ஆனார்?

முசோலினியோட கொள்கையான பாசிசம்னா ஒரே தலைவர், ஒரே கட்சி, எதிர்த்துப் பேசுறவங்களை அடிச்சே அடக்குற ஆட்சி. முதல் உலகப்போர்ல இத்தாலி ஜெயிச்ச பக்கம்தான், ஆனா விலைவாசி எகிறி வேலையும் இல்லாம, 1920ல தொழிலாளிங்க ஆலைகளைக் கைப்பற்ற, பயந்துபோன பணக்காரங்க முசோலினியோட அடியாள் படையான கறுப்புச் சட்டைக்காரங்களுக்கு காசு குடுத்தாங்க, அவனுங்க யூனியன் ஆளுங்களைப் பிடிச்சு வாயில விளக்கெண்ணெய ஊத்துவானுங்க, பல ஊர்ல போலீஸ் பார்த்துட்டே நிக்கும், எவ்ளோ கேவலம். வாடகைக்காரனைக் காலி பண்ண கூட்டிட்டு வந்த ரவுடி வீட்டையே எடுத்துக்கிட்ட கதைதான். முசோலினி பிரதமரான பிறகு நடந்த 1924 தேர்தல் முறைகேட்டை பார்லிமென்ட்ல தட்டிக்கேட்ட சோசலிஸ்ட் எம்.பி. மத்தியோட்டியைக் கடத்திக் கொன்னாங்க, 1926ல மத்த கட்சிங்களுக்கெல்லாம் தடை.

ரோமை சண்டை போட்டுப் பிடிச்சார்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, 1922 அக்டோபர்ல கறுப்புச் சட்டைக்காரங்க ரோமை நோக்கிக் கிளம்புனப்ப, அவங்களைத் தடுக்குற ராணுவச் சட்டத்துல கையெழுத்துப் போட மறுத்த ராஜாதான் அவரைக் கூப்பிட்டு பிரதமர் ஆக்குனாரு, முசோலினி மிலன்ல இருந்து ரயில்ல வந்து இறங்குனாரு.