95 கிலோ பன்றியை இன்னும் ஒரு மாதம் வைத்திருக்கலாமா?

கேள்வி: கொட்டிலில் 20 வெண்பன்றிகள் நிற்கின்றன. ஐந்தரை மாதம் ஆகிறது. ஒவ்வொன்றும் 95 கிலோ தேறும் என்கிறார் தரகர். "அடுத்த மாதம் விலை ஏறும், எடையும் கூடும், பொறுங்கள். முன்பணம் வேண்டுமானால் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். பொறுக்கலாமா, விற்றுவிடலாமா?

பதில்: விற்றுவிடுங்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில், 95 கிலோ என்று யார் நிறுத்துப் பார்த்தது? வாங்கப்போகிறவர் கண்ணால் பார்த்துச் சொன்ன எடையை வைத்து விற்கப்போகிறவர் கணக்குப் போட்டால் அது யாருடைய கணக்காக இருக்கும்?

தராசு இல்லையென்றால் தையல்காரர் டேப் போதும். காலையில் தீவனம் வைக்குமுன், ஒரு கைப்பிடி தவிட்டைக் காட்டி பன்றியை நேராக நிற்க வையுங்கள். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்தால் ஓர் அளவு. இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து முதுகோடு வால் அடி வரை இன்னோர் அளவு. இரண்டையும் மீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, பிறகு 69ஆல் பெருக்குங்கள். சுற்றளவு 1.10, நீளம் 1.15 என்றால் 96 கிலோ. சில கிலோ முன்பின் இருக்கும், இருக்கட்டும். கண்மதிப்பில் ஒன்றுக்கு 10 கிலோ குறைந்தால் 20க்கு 200 கிலோ. இரண்டு பன்றிகளைச் சும்மா ஏற்றி அனுப்பிவிட்டு, லாபம் ஏன் வரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, காரணத்துக்கு வருவோம். பன்றி வளர்ப்பில் செலவில் 60 முதல் 70 சதவீதம் தீவனம்தான். சின்ன வயதில் இரண்டு, இரண்டரை கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ எடை ஏறும். 95 கிலோவைத் தொட்டபின் அதே ஒரு கிலோ ஏற ஏறக்குறைய நான்கு கிலோ தீவனம் வேண்டும், ஏனென்றால் இனி ஏறுவதில் கொழுப்பே அதிகம். கொழுப்பு வைக்க அதிகத் தீனி பிடிக்கும். உங்கள் பன்றி ஒன்று நாளைக்கு மூன்று கிலோ தின்னும், 750 கிராம் ஏறும். 20 பன்றிகளுக்கு 30 நாளில் 1,800 கிலோ தீவனம், அதாவது 50 கிலோ மூட்டையில் 36 மூட்டை.

இப்போது உங்கள் ஊர்த் தீவனத்தின் கிலோ விலையை நான்கால் பெருக்கிப் பாருங்கள். உயிர் எடைக்குக் கிடைக்கும் கிலோ விலை அதைவிட நன்றாக மேலே இல்லையென்றால், அந்த ஒரு மாதம் நீங்கள் கூலி இல்லாத வேலைக்காரர். அடுத்த குட்டிகளுக்கான இடம் வேறு அடைந்து கிடக்கும்.

விலை ஏறினால் 95 கிலோவுக்கும் சேர்த்துத்தானே ஏறும் என்பீர்கள். உண்மைதான். 10 சதவீதம் ஏறினால் பன்றிக்கு ஒன்பதரை கிலோவின் விலை கூடுதலாகக் கிடைக்கும். இறங்கினாலும் அப்படியேதான். விலை நன்றாக இருக்கும்போது எல்லோரும் தாய்ப்பன்றி வாங்குகிறார்கள். சினைக்காலம் 114 நாள், குட்டி வளர ஆறு மாதம். ஏறக்குறைய பத்து மாதம் கழித்து எல்லோர் கொட்டிலும் ஒரே சமயத்தில் நிறைகிறது, விலை சரிகிறது. 1920களிலேயே ஜெர்மனியில் ஆர்தர் ஹனாவ் இதை ஆராய்ந்து 'பன்றிச் சுழற்சி' என்று பெயரே வைத்துவிட்டார். நூறு வருடமாகியும், கடன் வாங்கத் தரும் திட்ட அறிக்கைகளில் விலை ஒரே கோடாக நிற்கிறது, குட்டி ஒன்றுகூடச் சாவதில்லை. அதில் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒருநாளாவது கொட்டில் கழுவியிருப்பார்களா தெரியவில்லை.

தரகர் ஏன் பொறுக்கச் சொல்கிறார்? ஒருவேளை இந்த மாதம் அவர் லாரி வேறொருவர் பன்றியால் நிறைந்திருக்கும். அடுத்த மாதம் வந்து "கொழுப்பு கூடிப்போச்சு" என்று விலையைக் குறைப்பார். முன்பணம் வாங்கியிருந்தால் வேறு ஆளிடம் விற்க உங்களுக்கு வாய் இருக்காது. வாங்காதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு, தீவனம் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைப்பவர்கள். ஆனால் இதைச் சொன்னதும் எல்லோரும் தங்களையும் அதில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஓட்டல் கழிவிலும் மதுபான ஆலைச் சக்கையிலும் முக்கால் பங்கு தண்ணீர். மூன்று கிலோ உலர் தீவனத்துக்கு ஈடாக ஏறக்குறைய 12 கிலோ கழிவு வேண்டும், ஒரு பன்றிக்கு, ஒரு நாளைக்கு. அதைச் சுமக்கும் வண்டி வாடகை யார் கணக்கு? உணவுக் கழிவாக இருந்தால் அரை மணி நேரமாவது கொதிக்க வைக்க வேண்டும், விறகும் உங்களுடையதுதான். கொதிக்க வைக்காமல் போட்டால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குக் கதவைத் திறக்கிறீர்கள். 2007இல் ஜார்ஜியா நாட்டுக்குள் அந்நோய் நுழைந்ததே கப்பல் உணவுக் கழிவு வழியாக என்றுதான் கருதப்படுகிறது. அதற்கு மருந்து கிடையாது. சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்குப் போட்ட ஊசி இதற்கு உதவாது. உங்கள் கொட்டிலுக்கு வராமல் பக்கத்தில் வந்தாலே பன்றி நடமாட்டத்துக்குத் தடை போடுவார்கள், விற்கவேண்டிய பன்றி கொட்டிலில் நின்று தின்றுகொண்டிருக்கும். அதிகாரிகள் வந்து அழித்த பன்றிக்குத்தான் பல நாடுகளில் இழப்பீடு. அவர்கள் வருவதற்குள் தானாகச் செத்ததற்கு இல்லை. தாமதம் அவர்களுடையது, நஷ்டம் உங்களுடையது.

அதனால் இந்த வாரமே இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், கிலோவுக்குப் பேசுங்கள். முந்தின இரவு தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். பட்டினியாலும் பயணத்தாலும் மூன்று முதல் ஐந்து சதவீதம் எடை குறையும். பட்டினி போட்டு உங்கள் கொட்டிலில் எடை போட்டபின் "வயிற்றுக் கழிவு" என்று இன்னொரு முறை எடையைக் கழிக்க விடாதீர்கள், அந்த எடையை நீங்கள் ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள். வெயில் ஏறுமுன் லாரியில் ஏற்றிவிடுங்கள். பன்றிக்கு வியர்க்காது, வழியில் செத்தால் அதையும் உங்கள் தலையில்தான் எழுதுவார்கள்.