குட்டிகளை வேற வீட்டுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி நாம என்ன பழக்கணும்?

கேள்வி: எங்க ராஜபாளையம் நாய் 6 குட்டி போட்டிருக்கு, 4 வாரம் ஆகுது. எல்லாத்துக்கும் வீடு பேசியாச்சு. குடுக்கற வரைக்கும் நாங்க எதாவது பழக்கணுமா, இல்ல வாங்கிட்டுப் போறவங்களே பாத்துக்குவாங்களா? ஒரு குட்டி மட்டும் எப்பவும் ஒதுங்கியே கெடக்கு, அதுக்கு என்ன பண்றது?

வாங்கறவங்க பாத்துக்குவாங்கன்னு மட்டும் தயவுசெஞ்சு விட்றாதீங்க. நான் ஒருதடவ அப்படி விட்டுட்டேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

எங்க ஊரு கோவில்பட்டி பக்கம். வீட்டுல ஒரு சிப்பிப்பாறை நாய், பேரு செம்பி. மொத ஈத்துல 5 குட்டி. கூட்டம் சத்தம் எதுவும் இல்லாம நிம்மதியா இருக்கட்டும்னு தோட்டத்து மோட்டார் ரூம்லயே சாக்கு விரிச்சு வச்சிருந்தோம், காலைலயும் சாயங்காலமும் அப்பா போயி சோறு வச்சுட்டு வருவாரு, மத்தபடி யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. குட்டிங்க நல்லா கொழுகொழுன்னுதான் இருந்துச்சு. 10 வாரத்துல ஒண்ண மதுரைல தெரிஞ்ச வீட்டுக்குக் குடுத்தோம். மூணாவது நாள் போன் வருது, கட்டிலுக்கு அடியில போனது வெளிய வரவே இல்ல, மிக்சி போட்டா அங்கயே ஒண்ணுக்குப் போயிடுதுன்னு. நேர்ல போயி குனிஞ்சு பாத்தேன். செவத்தோட ஒட்டிக்கிட்டு, காது ரெண்டும் பின்னாடி படிஞ்சு, கண்ணுல வெள்ள தெரிய என்னையே மொறைச்சுப் பாக்குது, என்னையும் அதுக்குத் தெரியல. அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல அவரு குரலக் கேக்க வச்சோம், அப்ப வால் நுனி மட்டும் லேசா ஆடுச்சு. அந்தக் குட்டிக்கு உலகத்துல மனுஷன்னா அப்பா ஒருத்தர் மட்டும்தான்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுது. அந்த வீட்டுக்காரங்க தங்கமானவங்க, திருப்பி அனுப்பாம வச்சு வளத்தாங்க, ஆனா இப்பவும் வாசல்ல ஆள் வந்தா அது கட்டிலுக்கு அடியிலதான்.

அதுக்கப்புறம்தான் இதப் பத்தித் தேடிப் படிச்சேன். நாய்க்குட்டிக்கு 3 வாரத்துலேர்ந்து சுமார் 12 வாரம் வரைக்கும் ஒரு காலம் இருக்கு, அந்த நேரத்துல பாக்கறது கேக்கறது எல்லாத்தையும் இது நம்ம உலகம்னு மனசு ஏத்துக்கும். அமெரிக்காவுல மெய்ன் மாகாணத்துல ஜாக்சன் லேபரட்டரில நடந்து 1961ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சில, குட்டிங்கள உயரமான வேலி போட்ட பெரிய எடத்துல மனுஷன் வாடையே படாம வளத்து, ஒவ்வொரு வயசுலயும் சிலத ஒரு வாரம் மட்டும் வெளிய எடுத்துப் பழக்கிப் பாத்திருக்காங்க. 14 வாரம் வரைக்கும் யாருமே தொடாம விட்ட குட்டிங்க கிட்டத்தட்ட காட்டு விலங்கு மாதிரி ஆயிடுச்சு. இன்னொண்ணும் இருக்கு, 3, 4 வாரத்துக் குட்டி யாரப் பாத்தாலும் தவழ்ந்து வந்துரும், 5 வாரத்துக்கு மேல புதுசா எதப் பாத்தாலும் ஒரு பயம் மெதுவா வளர ஆரம்பிக்கும். அப்ப கணக்குப் போட்டுப் பாருங்க, 8 வாரத்துல குடுக்கறீங்கன்னா அந்தக் காலத்துல பாதிக்கு மேல உங்க வீட்டுலதான் கழியுது.

ரெண்டாவது ஈத்துக்கு செம்பிய வீட்டுக்குள்ள, அடுப்படிக்குப் பக்கத்து தாழ்வாரத்துலயே வச்சோம். பெருசா ஒண்ணும் பண்ணல, வீடு வீடா நடந்துச்சு, குட்டிங்க நடுவுல கெடந்துச்சு. அதுங்க நடமாட ஆரம்பிச்சப்புறம் மொத நாள் குக்கர் விசில் அடிச்சப்ப 6 குட்டியும் அப்படியே ஒறைஞ்சு நின்னுச்சு, செம்பி தலையக்கூட தூக்கல, அதப் பாத்துட்டு ஒவ்வொண்ணா திரும்ப மடிக்குப் போயிடுச்சு. நாலாவது நாள் விசில் வந்தா சோறு வருதுன்னு அடுப்படி வாசல்ல வந்து நின்னுச்சுங்க! தட்டு கீழ விழற சத்தம், வெளக்கமாறு, குடை விரிக்கறது, ஹெல்மெட் போட்ட ஆளு, தாடி வச்சவங்க, கம்பு ஊனி நடக்கற பாட்டி, இதெல்லாம் ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு போதும். வெடிச் சத்தத்த மட்டும் போன்ல ரொம்பக் கம்மியா, அதுங்க சாப்பிடற நேரத்துல வச்சு தினமும் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துனோம், தீபாவளிக்கு அது எவ்ளோ கைகுடுத்துச்சுன்னு வாங்கிட்டுப் போனவங்க சொன்னாங்க.

இதுல நான் ஒண்ண மட்டும் கறாரா வச்சிருந்தேன், குட்டிதான் நடந்து வரணும், நாம தூக்கிட்டுப் போயி எது மூஞ்சிலயும் நீட்டக் கூடாது. பின்னாடி போச்சுன்னா போகட்டும், தரைல உக்காந்து கைய நீட்டாம சும்மா இருங்க, ரெண்டு நிமிஷத்துல மோந்து பாக்க வரும். பசங்க வந்தா கண்டிப்பா தரைல சம்மணம் போட்டு உக்கார வையுங்க, நின்னுக்கிட்டுத் தூக்கி கீழ போட்டுட்டா அந்த பயம் போறதே இல்ல. தாய் நாய் வெளியாளப் பாத்து கொலைக்கற டைப்னா, ஆளுங்க வர்றப்ப அதக் கூட்டிட்டு ஒரு நடை போயிட்டு வாங்க, ஏன்னா அம்மா எதுக்குக் கொலைக்குதோ அதுக்கு பயப்படணும்னுதான் குட்டி கத்துக்கும். தினமும் காது, வாய், பாதம், ஒவ்வொரு நகமா தொட்டுத் தொட்டு விடுங்க, நாளைக்கு டாக்டர்கிட்ட சண்ட போடாது. 6 வாரத்துலேர்ந்து ஒவ்வொரு குட்டியா தனியா பிரிச்சு தனி கிண்ணத்துல சோறு வைங்க, மொதல்ல ஒரு நிமிஷம், அப்புறம் அஞ்சு நிமிஷம், இல்லன்னா புது வீட்டுல மொத ராத்திரி ஊரக் கூட்டும். படுக்கற எடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மணல் கொட்டி வைங்க, 3 வாரத்துக்கு மேல அதுங்களே படுக்கைய விட்டு தள்ளிப்போயி ஒண்ணுக்கு, ரெண்டுக்கு இருக்கப் பாக்கும்.

தடுப்பூசி முடியாம எப்படி ஆளுங்களப் பாக்க விடறதுன்னு கேப்பீங்க. பயப்பட வேண்டியதுதான், பார்வோங்கிற தொத்து நோய் வந்தா குட்டி ரெண்டு மூணு நாள்லயே போயிரும். அதுக்காக பூட்டி வைக்காதீங்க. வர்றவங்க செருப்ப வெளிய விட்டுட்டு, கை கால் கழுவிட்டு உள்ள வரட்டும், தெருவுல எறக்கி விடாதீங்க, ஒரு கூடைல துணி விரிச்சு மடியில வச்சு வாசல்ல உக்காந்து பஸ்ஸு, ஆட்டோ, ஆடு மாடு எல்லாம் பாக்க வைங்க. தரைக்கு வெறும் பினாயில் மட்டும் போட்டா பார்வோ கிருமி சாகாது, பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தொடைச்சு, நல்லா காஞ்சப்புறம் குட்டிய விடுங்க. 6லேர்ந்து 8 வாரத்துக்குள்ள மொத ஊசி, பூச்சி மருந்து எல்லாம் உங்க டாக்டர் சொல்றபடி போட்டுட்டே வாங்க.

எங்க பக்கம் நிறைய பேரு 30 நாள்லயே குடுங்க, அப்பதான் எங்ககிட்ட ஒட்டும்னு கேப்பாங்க. குடுக்காதீங்க. கூடப் பொறந்தது கூட கடிச்சு வெளாடறப்ப, பலமா கடிச்சா அது வீல்னு கத்தி வெளாட்ட நிறுத்திரும், எவ்ளோ அழுத்திக் கடிக்கலாங்கிறத அப்படித்தான் அது கத்துக்கும், அத நம்மளால சரியா சொல்லிக் குடுக்க முடியாது. 2017ல மத்திய அரசு கொண்டுவந்த விதிலயும் 8 வாரத்துக்குக் கீழ குட்டிய விக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. அவசரப்படறவங்கள வாரம் ஒருதடவ வந்து குட்டியோட உக்காந்துட்டுப் போகச் சொல்லுங்க, அவங்களுக்கும் பழகும், குட்டிக்கு புது ஆளுங்களும் பழகும். குடுக்கற அன்னைக்கு தாய் படுத்த துணில ஒரு துண்டும், அது சாப்பிட்ட சாப்பாடு ஒரு வாரத்துக்கும் குடுத்து விடுங்க.

இப்ப அந்த ஒதுங்கிக் கெடக்கற குட்டி. மொதல்ல அதுக்குக் காது கேக்குதான்னு பாத்துருங்க, ராஜபாளையத்துல பொறவிலயே காது கேக்காத குட்டிங்க வர்றதுண்டு. இன்னும் ஒரு வாரம் போகட்டும், மத்த குட்டிங்க பக்கத்துல இல்லாதப்ப, அசந்து தூங்கறப்ப, அதோட கண்ணுக்குத் தெரியாம பின்னாடி நின்னு கரண்டியால தட்டத் தட்டுங்க, தரைல காலத் தட்டாதீங்க, அந்த அதிர்வுலயே முழிச்சுக்கும். நாலஞ்சு தடவையும் காது அசையவே இல்லன்னா டாக்டர்கிட்ட காட்டிட்டு, வாங்கறவங்ககிட்ட ஒளிக்காம சொல்லிருங்க, கை சைகைல நல்லா வளக்கலாம். காது கேக்குது, சுபாவமே அப்படித்தான்னா, தினமும் காலைலயும் சாயங்காலமும் ஒரு பத்து நிமிஷம் அத மட்டும் தனியா எடுத்து உங்க பக்கத்துல வச்சுக்குங்க, புதுசா ஒண்ணும் காட்ட வேணாம், நீங்க காய் நறுக்கிட்டு இருங்க, அது பக்கத்துல கெடக்கட்டும், அதுவா உங்க மடில கால் வச்சா அப்ப ஒரு வாய் குடுங்க. அதப் பேசி வச்சிருக்கற வீட்டுல சின்னப் பசங்க நிறைய இருந்தா இப்பவே அவங்ககிட்ட பேசி வேற குட்டிய மாத்திக் குடுங்க, இது வயசானவங்க ரெண்டு பேரு இருக்கற மாதிரி அமைதியான வீட்டுக்குப் போகட்டும், 8 வாரம் ஆயிடுச்சேன்னு அவசரப்படாம ரெண்டு வாரம் கூடவே வச்சிருந்து, அவங்கள நாலு தடவ வரவச்சுப் பழக்கிட்டு அனுப்புங்க.