தம்பியின் மாத்திரையும் மகளின் கேள்வியும்

பட்டர்வொர்த் அக்காவுக்கு வணக்கம். சனிக்கிழமை முக்கால் மணி நேரம் பேசினோம். அதில் நாற்பது நிமிஷம் நீங்கள் சொன்னது எனக்குப் பழகிப்போன கவலைதான். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம் படிக்கிறாள், நல்ல மதிப்பெண், டாக்டராவாள் என்று சொந்தபந்தம் எல்லாரிடமும் சொல்லிவைத்தாயிற்று, இப்போது பார்த்தால் மனநோய் ஏன் வருகிறது என்று மூளையையும் மரபணுவையும் வைத்து ஆராயப் போகிறேன் என்கிறாள். போனை வைக்கிற நேரத்தில்தான் உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னீர்கள், மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் இருமுனைக் கோளாறுக்காக அவர் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறார் என்று. அதையும் எழுதலாம் என்று நீங்கள் சம்மதித்ததால், யார் என்று தெரியாதபடி இங்கே எழுதுகிறேன். இதே கவலை பினாங்கில் இன்னும் பல வீடுகளில் இருக்கும்.

"படிச்சு முடிச்சு தஞ்சோங் ரம்புத்தானுக்கா போகப் போறா?" என்று உங்கள் நாத்தனார் சிரித்தாராம். 1911-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கிற ஊரின் பெயரை நாம் வசவாகவே ஆக்கிவிட்டோம், சின்ன வயதில் நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். அவருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மகள் கேட்ட கேள்விக்கு வருவோம். பாட்டிக்கும்தான் தினமும் பிரஷர் மாத்திரை, மாமாவுக்கு மட்டும் ஏன் மாத்திரைக்காக அடிக்கடி ரத்தம் எடுக்கிறார்கள் என்று கேட்டாளே, அது சாதாரணக் கேள்வி இல்லை அக்கா. லித்தியம் ஓர் உப்பு. நோயை அடக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு. சிறுநீரகம் சோற்று உப்பைப் போலவே அதையும் நடத்துவதால், வெயிலில் வேர்த்து உடம்பில் நீரும் உப்பும் குறைந்தாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டாலோ லித்தியம் வெளியேறாமல் தங்கி ரத்தத்தில் ஏறிவிடும். அதற்காகத்தான் அந்த ரத்தப் பரிசோதனை. சிறுநீரகத்தையும் தைராய்டையும் கூடவே பார்த்துக்கொள்வார்கள்.

இந்த மருந்து வந்த கதை நமக்குப் பக்கத்து ஊரோடு தொடர்புள்ளது. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூர் சாங்கியில் மூன்று வருடத்துக்கு மேல் போர்க்கைதியாக இருந்தவர். கூட இருந்த கைதிகளின் மனம் தடுமாறுவதைப் பார்த்து, இதற்கு உடம்பில் ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று யோசித்தார். ஊர் திரும்பியதும் மெல்பர்னில் பழைய சமையல் கட்டு ஒன்றையே ஆய்வகமாக்கி கினிப்பன்றிகளை வைத்துச் சோதித்தார். லித்தியத்தை முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார், 1949-இல் முடிவுகளை வெளியிட்டார். ஆனால் அவருடைய முதல் நோயாளியே பின்னால் லித்தியம் நஞ்சேறி இறந்துபோனார். ரத்தத்தில் அளந்து கொடுக்கும் முறை நன்றாகப் பழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலம் அது. பிறகு டென்மார்க்கில் மோகன்ஸ் ஷௌ என்ற மருத்துவர் இதைக் கையில் எடுத்து வருடக்கணக்கில் போராடி நிலைநாட்டினார். அவருடைய தம்பிக்குத் திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்துகொண்டிருந்தது, கடைசியில் லித்தியம்தான் அவருக்குக் கைகொடுத்தது. ஆமாம் அக்கா, தம்பிதான். வீட்டில் ஒருவருக்கு நோய் இருப்பதால் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. "அவள் மாமாவைப் பார்த்துப் பார்த்தே இப்படி ஆகிவிட்டாளோ" என்று நீங்கள் கேட்டபோது இதைத்தான் சொல்ல வந்தேன், அதற்குள் லைன் போய்விட்டது.

எழுபத்தைந்து வருடம் தாண்டியும், லித்தியம் மூளைக்குள் போய் என்ன செய்கிறது, ஏன் சிலருக்கு அருமையாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதே இல்லை என்பதற்கு முடிந்த முடிவாகப் பதில் வரவில்லை. 2015-இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிலையத்தில், இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் தோல் செல்லை எடுத்து, அதை எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய மூலச்செல்லாக மாற்றி, அதிலிருந்து நரம்புச் செல் வளர்த்துப் பார்த்தார்கள். அந்த நரம்புச் செல்கள் அளவுக்கு மீறித் துடித்தன. லித்தியம் சேர்த்ததும், யாருக்கு அந்த மாத்திரை நிஜ வாழ்க்கையில் கேட்டதோ அவர்களுடைய செல்கள் மட்டும் அடங்கின. உங்கள் மகள் போக நினைக்கும் உலகம் இதுதான்.

ஆனால் அங்கே தினசரி வேலை இவ்வளவு சுவாரசியமாக இருக்காது, அதையும் அவளிடம் சொல்லுங்கள். செல்லுக்குத் தீனி போட ஞாயிற்றுக்கிழமையும் ஆய்வகம் போக வேண்டும், நெறிமுறைக் குழுவுக்கு ஐம்பது பக்கம் எழுத வேண்டும், மானியம் கேட்டு எழுதினால் பாதிக்கு மேல் திரும்பி வரும். அப்புறம் கணக்கு. மனச்சிதைவு என்ற இன்னொரு மனநோய்க்கு ஒரே ஒரு மரபணு காரணம் என்று இல்லை. 2022-இல் வந்த பெரிய ஆய்வில் 75,000-க்கும் அதிகமான நோயாளிகளின் மரபணுத் தகவலை வைத்துத் தேடி, தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டுபிடித்தார்கள், ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். புள்ளியியலும் கணினி நிரலும் தெரியாமல் இதில் நுழைய முடியாது. அவளுக்கு உயிரியல் பிடிக்கும், சரி, கணக்கு பிடிக்குமா?

வழி இரண்டு இருக்கிறது. மருத்துவம் படித்தால் ஐந்து வருடம், பிறகு இரண்டு வருடம் ஹவுஸ்மேன் என்கிற பயிற்சி மருத்துவர் வேலை, அதற்கப்புறம் மனநல மருத்துவத்தில் நான்கு வருட மேற்படிப்பு. நோயாளியையும் பார்க்கலாம், ஆராய்ச்சியும் செய்யலாம், கையில் ஒரு தொழில் இருக்கும், ஆனால் நிரந்தர வேலை இல்லாமல் ஒப்பந்தத்தில் இருக்கும் கோண்ட்ராக் டாக்டர்கள் பாடு என்ன என்பது 2021-இல் அவர்கள் நடத்திய ஹர்த்தாலிலேயே நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. அறிவியல் வழி என்றால் உயிர்மருத்துவ அறிவியல், மரபியல், மருந்தியல் என்று ஏதாவது ஒரு இளங்கலை, பிறகு முதுகலை, முனைவர் பட்டம். இது சுலபம் என்று நினைக்காதீர்கள், முப்பது வயது வரை உதவித்தொகையில் ஓட்ட வேண்டியிருக்கும், மானியம் முடிந்தால் வேலையும் முடியும். இன்னொன்று, யு.எஸ்.எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மருத்துவம் என்றதும் பினாங்கு குளுகோர்தானே, வீட்டிலிருந்தே போகலாம் என்றீர்கள். மருத்துவப் பிரிவு கிளந்தான் குபாங் கெரியானில் இருக்கிறது அக்கா.

இந்த இரண்டில் எது என்பதை நான் ஒரே கேள்வியால்தான் பிரிப்பேன்: அழுதுகொண்டோ கத்திக்கொண்டோ ஒருவர் எதிரே உட்கார்ந்தால் அவளுக்குக் கிட்டே போகத் தோன்றுகிறதா, தள்ளி நின்று ஏன் இப்படி என்று யோசிக்கத் தோன்றுகிறதா? இரண்டும் நல்ல குணம்தான்.

"இதையெல்லாம் வெள்ளைக்காரன் பார்த்துக்கொள்வானே" என்று உங்கள் வீட்டுக்காரர் பின்னாலிருந்து சொன்னது என் காதிலும் விழுந்தது. கார்பமசெபின் என்று ஒரு மாத்திரை, வலிப்புக்கும் கொடுப்பார்கள், மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுப்பார்கள். சிலருக்கு அது தோலை உரித்து உயிரையே வாங்கும். 2004-இல் தைவான் ஆய்வாளர்கள்தான் அதற்கும் ஒரு மரபணு வகைக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். சீனர்கள், மலாய்க்காரர்கள் எனத் தென்கிழக்காசியாவில் பலரிடம் இருக்கும் அந்த வகை ஐரோப்பியர்களிடம் மிக அரிது. அங்கே மட்டும் தேடியிருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது. நம் ஆட்களின் ரத்தத்தை நம் ஆட்கள்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக நீங்கள் குரலைத் தாழ்த்திக் கேட்டது, "அவளுக்கும் வந்துவிடுமா?" நான் டாக்டர் இல்லை, இதை அந்தக் கிளினிக்கில் நேராகக் கேளுங்கள். பொதுவாகத் தெரிந்தது இவ்வளவுதான்: இருமுனைக் கோளாறு நூற்றில் ஒருவருக்கு வரலாம், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் அது நூற்றில் ஐந்து முதல் பத்து வரை போகலாம், தாய்மாமன் அதைவிடத் தள்ளிய உறவு. அந்த நோயைப் பற்றிப் படிப்பதால் நோய் வராது. பத்து வருடத்துக்கு முன் தம்பியை மந்திரம் பார்க்கும் பொமோவிடம் கூட்டிப்போனதை நினைத்து நீங்கள் இன்னும் குமைகிறீர்கள், அதை மகளின் படிப்போடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு விண்ணப்பத்துக்கு நேரம் இருக்கிறது. இப்போதைக்கு ஒன்றே ஒன்று செய்யலாம். தம்பிக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள், மகள் கூட வந்தால் அவருக்குச் சம்மதமா என்றும் அவரிடமே கேளுங்கள். சரி என்றால் அவளை ஒரு நாள் மாமாவோடு கிளினிக்கில் உட்கார வையுங்கள். வந்து என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுங்கள், இந்த முறை அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.