குடல் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் தொற்றுக்கு வயிற்றில் இருக்கும் பாக்டீரியாதான் காரணமா?

கேள்வியில் சொல்லியிருப்பது இதுதான்: அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி எடுத்தார்கள், நல்லபடியாக முடிந்தது என்றார்கள், ஐந்தாம் நாள் தையல் கசிந்து சீழ் பிடித்துவிட்டது. தியேட்டர் சுத்தமில்லை என்று சொந்தக்காரர்கள் கோபப்படுகிறார்கள். அவருடைய குடலில் இருந்த கிருமிதான் என்கிறார் டாக்டர். யார் சொல்வது சரி?

பெரும்பாலும் டாக்டர் சொல்வதுதான். நான் அறுவை சிகிச்சை வார்டில் நர்ஸ். இந்தச் சண்டை எங்களுக்குப் பழக்கம். தியேட்டர் சுத்தம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் மலத்தில் ஒரு கிராமுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி பாக்டீரியா இருக்கிறது. அது ஓடுகிற குழாயைத்தான் வெட்டி மறுபடி இணைக்கிறார்கள். கிருமி வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை.

குடலுக்குள் இருக்கும்வரை அவற்றால் நமக்கு லாபம்தான். நார்ச்சத்தைப் புளிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தைத் தருகின்றன, பெருங்குடல் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். வயிற்றறைக்குள் கசிந்தால் கதை மாறிவிடுகிறது. பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் என்று ஒன்று உண்டு. குடல் கூட்டத்தில் அது சிறுபான்மை. ஆனால் வயிற்றுச் சீழ்க்கட்டியைச் சோதித்தால், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளில் அடிக்கடி அகப்படுவது அதுதான். அதன் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளே சீழ் கட்டத் தூண்டுகிறது.

தையல் கசிவு விஷயம் இன்னும் சுவாரசியம். இணைப்பு விட்டுப்போனால் ரத்த ஓட்டம் போதவில்லை, குடல் இழுபட்டிருக்கிறது, சர்ஜன் கை சரியில்லை என்றுதான் காலங்காலமாகச் சொல்வார்கள். அவையும் காரணங்கள்தான். ஆனால் 1955-லேயே கோன், ரைவ்ஸ் என்ற இரண்டு சர்ஜன்கள் நாய்களில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ரத்த ஓட்டம் குறைக்கப்பட்ட குடல் இணைப்புக்குள் நேராக ஆன்டிபயாடிக் செலுத்தியபோது அது தாக்குப்பிடித்து ஆறியது. அப்படியானால் ரத்த ஓட்டம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அப்புறம் 2015-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஷோகன், ஆல்வர்டி குழுவினர் எலிகளில் ஆளையே பிடித்துவிட்டார்கள்: என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ். குடலைச் சேர்த்துப் பிடித்திருப்பது கொலாஜன் என்ற புரதம். இந்தக் கிருமியின் சில வகைகள் அதைக் கரைக்கும் நொதியைச் சுரக்கின்றன. போதாததற்கு, உடம்பிலேயே இருக்கும் இன்னொரு நொதியையும் கிளப்பிவிட்டு அதையும் கரைக்க வைக்கின்றன. ஆபரேஷனுக்கு முன் வழக்கமாகப் போடும் செஃபலோஸ்போரின் என்ற ஆன்டிபயாடிக் ஊசிக்கு என்டெரோகாக்கஸ் மசியாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மனிதர்களில் எல்லாக் கசிவுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தையல் கச்சிதமாக இருந்தும் ஏன் விடுகிறது என்பதற்கு நான் படித்ததில் நம்பும்படியான விளக்கம் இது.

வார்டில் இது எப்படித் தெரியவரும்? முந்தின நாள் நன்றாகச் சாப்பிட்டவர் தட்டைத் தள்ளி வைப்பார். வயிறு உப்பும், விக்கல் வரும். காய்ச்சலுக்கு முன்பே நாடித் துடிப்பு 110-ஐத் தொட்டிருக்கும். வயிற்றிலிருந்து நீரை வடிக்கும் டிரெயின் பையில் அதுவரை தெளிவாக இருந்த நீர் கலங்கிப் பழுப்பாகும், பையை மாற்றும்போதே நாற்றம் வரும். அந்தக் கட்டத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம், டாக்டருக்குப் போன்தான்.

சரி, தடுக்க வழி உண்டா? பேதி மருந்து குடித்து வயிற்றைக் காலி செய்தால் கிருமி போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெறும் பேதியால் தொற்று குறைவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டன. கூடவே ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கினால்தான் பலன். 1973-ல் நிக்கல்ஸ், காண்டன் குழுவினர் நியோமைசின், எரித்ரோமைசின் கொடுத்துக் காட்டிய வழி இது. 2016-ல் உலக சுகாதார நிறுவனமும் பேதி மட்டும் வேண்டாம், மாத்திரையும் சேர்ந்தே இருக்கட்டும் என்றது. ஆனால் பேதி மருந்து குடித்துக் குமட்டுகிற நேரத்தில்தான் இந்த மாத்திரை வரும். சிலர் வாந்தி எடுத்துவிடுவார்கள், சிலர் தலையணைக்கடியில் ஒளித்துவிடுவார்கள். தயவுசெய்து எங்களிடம் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டோம்.

கத்தி வைப்பதற்கு முன் போடும் ஊசியைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் நிறுத்திவிடுவார்கள். ‘பாதுகாப்புக்கு இன்னும் ஐந்து நாள் போடக்கூடாதா?’ என்று குடும்பத்தார் கேட்பார்கள். தொற்று வராதவருக்கு நீட்டிப்பதால் லாபமில்லை. நல்ல பாக்டீரியா அழிந்து, அந்தக் காலி இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி, தண்ணீராகப் பேதி போக ஆரம்பித்தால் அது தனித் தொல்லை. உங்கள் அப்பாவுக்குக் கசிவு வந்துவிட்டதால் அவர் கணக்கு வேறு, மருந்து தொடரத்தான் வேண்டும்.

கடைசியாக, ‘புரோபயாடிக் வாங்கிக் கொடுக்கலாமா?’ என்று கேட்டிருந்தீர்கள். ‘நல்ல கிருமி’ அடங்கிய மருந்து அது. நீங்களாகக் கொடுக்காதீர்கள். நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வெளியானது. புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதமும் பெறாதவர்களில் 6 சதவீதமும் இறந்திருந்தார்கள். அது வேறு நோய்தான், ஆனாலும் தளர்ந்து கிடக்கும் உடம்பில் ‘நல்ல கிருமி’ எப்போதும் நல்லதாக இருப்பதில்லை. அதிலும் சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட் கேப்ஸ்யூல் என்றால், கழுத்து ரத்தக் குழாயில் டியூப் போட்டிருப்பவர் படுக்கைப் பக்கத்தில் அதைத் திறக்கவே கூடாது. அந்தத் தூள் கை வழியாக டியூபில் பட்டு ரத்தத்தில் ஈஸ்ட் ஏறிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.